தத்தம்மாவின் மூன்றாம் சாட்சி

ஞிலும்பி, தூங்கிவிடாதே. இன்னும் கொஞ்சம்தான். இது முடிந்ததும் கீழே போய்ப் பால் விடாத கட்டன் சாயா குடிக்கலாம், பழம்பொரி மிச்சம் இருந்தால் ஒன்று தின்னலாம். இப்போது கண்ணயர்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பிரசீதா இப்படித்தான் தன்னோடு பேசிக்கொள்வாள். உதடு அசையாது, முகத்தில் ஒன்றும் தெரியாது. ஞிலும்பி என்பது அவள்தான். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. ஆறு வயதில், இரிஞ்ஞாலக்குடை வீட்டில், கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு அவளே உண்டாக்கியது. அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. அண்ணன் சின்ன வயதில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே மயங்கி விழுந்துவிட்டானாம். அன்றைக்கே அம்மா ஆசாரியை வரவழைத்து எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். அதன்பின் மூடிய எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பென்சில் பெட்டியைத் திறப்பாள், மடக்கிய கையைப் பிரிப்பாள். பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால், "என்ன நினைக்கிறே, சொல்லு" என்பாள். சொல்லும் வரை நகரமாட்டாள். கொடுமைக்காரி இல்லை. பயந்தவள்.

அதனால் பிரசீதா உள்ளே ஓர் இடம் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் இருந்தவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்: ஞிலும்பி, அம்மா வர்றா, மூடிக்கோ.

அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இருந்தது. கணவனிடம் சொன்னதில்லை, மகளிடம் சொன்னதில்லை, எங்கும் எழுதியதும் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் சொல்லவில்லை. இந்த ஒன்று மூடியிருந்ததால்தான் மற்ற எல்லாவற்றையும் திறந்து போட்டு வாழ முடிந்ததோ என்று எப்போதாவது தோன்றும். அவள் வேலையே திறந்து போடுவதுதான்.

திருச்சூரில் அவள் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் கணினிக் கூடத்தில், அந்தக் கர்க்கடக மாதத்து மத்தியானம், அவள் தத்தம்மாவை மறுபடி பிறக்கவைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை ஓயாமல் பெய்தது. உள்ளே குளிர்சாதனத்தின் இரைச்சல்.

தத்தம்மா என்பது பிரசீதாவும் சேர்ந்திருந்த நாசர் இக்காவின் இயக்கம் பதினோரு வருடமாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய மலையாளச் செயற்கை அறிவு. எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்லும். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், நிலவரி, எதைக் கேட்டாலும் சொல்லும். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அது படித்த ஒவ்வொரு வரியும், அதைக் கட்டிய ஒவ்வொரு கட்டளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியே கிடந்தன. கிளிப்பிள்ளை சொன்னதைத்தானே சொல்லும், அது என்ன கற்றது என்று பார்த்துக்கொண்டால் போதும் என்பார் நாசர் இக்கா. தத்தம்மா என்றால் மலையாளத்தில் கிளி; பெயரும் அவர் வைத்ததுதான்.

அதை வெளியிடும் முன் ஒரு சடங்கு உண்டு. மூன்று சாட்சிகள், ஒருவரோடு ஒருவர் பேசாமல், வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து, வெளியே கிடக்கும் பொருள்களை மட்டும் வைத்து அதை முதலிலிருந்து கட்ட வேண்டும். மூன்றும் ஒன்றுபோலவே அமைந்தனவா என்று விரலடையாளத்தை ஒத்துப் பார்க்க வேண்டும். நீளமான ஒரு வரிசை எழுத்துகள் அது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுதும் மாறிவிடும். ஒத்துப்போனால் சாட்சி ஊரறியக் கூட்டத்தில் நின்று வாசிக்க வேண்டும்: "இதன் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே இருக்கிறது. வெளியே இல்லாத எதுவும் இதன் உள்ளே இல்லை. நானே கண்டேன்."

கோழிக்கோட்டில் சுஹ்றா டீச்சரும் காக்கநாட்டில் ஜோமோனும் வாசித்து முடித்துவிட்டார்கள். பாக்கி அவள்தான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் வரிசை வந்தது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"இக்கா, பொருந்திடுச்சு."

"எல்லாமா?"

"கடைசி எழுத்து வரைக்கும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழறீங்களா இக்கா?"

"நானா? போடோ. இங்க கரண்ட் இல்ல, வேர்க்குது. முப்பது வருஷம் கரண்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் வீட்லயே கரண்ட் இல்லன்னா நாடு எங்க உருப்படும்?" சிரித்தார். "ஞாயித்துக்கிழமை டவுன் ஹால்ல வந்து அந்த மூணு வரியை வாசிச்சுடு மோளே. திங்கக்கிழமை கமிட்டி முடிவு பண்ணுது. பாறுக்குட்டியம்மாவைக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வெக்கிறேன்."

பாறுக்குட்டியம்மாவின் பென்ஷனை ஒரு கம்பெனியின் கருவி நிறுத்திவிட்டிருந்தது. ஏன் என்று கேட்டால் அது சொல்லாது. கம்பெனியைக் கேட்டால் தொழில் இரகசியம் என்றார்கள். அந்த அம்மா பஞ்சாயத்து அலுவலகத்துப் படியில் உட்கார்ந்து, "நான் செத்துப்போயிட்டேன்னு அதுக்கு யார் சொன்னா?" என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாப் பஞ்சாயத்துக்கும் எந்தக் கருவி என்று திங்கட்கிழமை கமிட்டி முடிவு செய்யும்; மூன்று சாட்சியும் வாசித்துத் தத்தம்மா அதன் முன் போகாவிட்டால் எங்கும் அந்தக் கருவிதான் உட்காரும்.

போனை வைத்ததும் பிரசீதாவுக்குத் தத்தம்மாவோடு பேசிப் பார்க்க ஆசை வந்தது. சடங்கில் அதற்கு இடமில்லை. சும்மா, பிள்ளை பிறந்ததும் ஒரு விரலைக் கொடுத்துப் பார்ப்போமே, அப்படி. தத்தம்மாவின் பதிலில் எப்போதும் ஒரு குலுக்கல் உண்டு, சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல. கலைக்கும் விதத்தை ஓர் எண் கொடுத்து நிறுத்திவிட்டால், அதே கேள்விக்கு அதே பதில்தான் வரும். அவள் மகளின் பிறந்த தேதியைக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: ரேஷன் கார்டில் பெயர் நீக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் ஒழுங்காக வந்தது. எந்த அலுவலகம், என்ன சான்று, எல்லாம். கடைசியில் ஒரு வரி விட்டு இன்னொரு வரி.

ஞிலும்பி, அம்மா வர்றா, மூடிக்கோ.

பிரசீதா முதலில் செய்தது திரும்பிப் பார்த்ததுதான். வாசலில் யாரும் இல்லை. இரும்பு அலமாரிகளில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு நடைவழியில் நடப்பது போல இருந்தது. மழைத்தண்ணீர் குழாயிலிருந்து சொட்டும் சத்தம்தான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுபடி கேட்டாள். அதே எண், அதே கேள்வி. அதே பதில், அதே கடைசி வரி. எண்ணை மாற்றினாள். வெறும் ரேஷன் கார்டு மட்டும் வந்தது. பழைய எண்ணுக்குத் திரும்பினாள். அந்த வரி காத்துக்கொண்டிருந்தது.

ஞிலும்பி என்றால் யார் என்று கேட்டாள்.

"மன்னிக்கவும், அப்படி ஒரு சொல் எனக்குத் தெரியாது."

தத்தம்மா படித்த வரிகளை எல்லாம் தேடவிட்டாள். கோடிக்கணக்கான வரிகள், பழைய பத்திரிகைகள், சட்டசபைப் பேச்சுகள், பஞ்சாயத்துக் கடிதங்கள், ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களாகத் தட்டச்சு செய்து கொடுத்த வீட்டுப் பேச்சுகள். அவளும் கொடுத்திருக்கிறாள். மீன் வாங்கியது, பஸ் தவறவிட்டது. வரிசைகள் ஓடிக்கொண்டே இருந்தன. இறுதியில் திரை சொன்னது: இல்லை. அந்தச் சொல் இல்லை, அந்தச் சொல்லில் பாதியும் இல்லை, அந்த வாக்கியத்தைப் போல ஒரு வாக்கியமும் இல்லை.

எல்லாம் வெளியே கிடந்தது. எதுவும் மறைக்கப்படவில்லை. அவளே தன் கையால் கட்டியது. ஆனால் அது அவளை உள்ளிருந்து கூப்பிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே கணவனுக்குப் போன் செய்தாள்.

"ராஜீவா, நான் தூக்கத்துல பேசுவேனா?"

"என்ன திடீர்னு?"

"சொல்லு. ஏதாவது பேர் சொல்லுவேனா?"

"யார் பேரு? பயமுறுத்தாதே. குறட்டை விடுவே. அதுகூட உங்க இயக்கம் மாதிரிதான், ஊருக்கே இலவசம்."

அவள் சிரித்தாள். பிறகு, ஞிலும்பி, குடையை விரி, இறங்கும் இடம் வந்துவிட்டது என்று நினைக்கப் போனவள், பாதியில் நின்றாள். அந்தச் சொல் அவள் குரலில் வரவில்லை. திரையில் வந்த எழுத்தாக வந்தது, யாரோ வாசித்துக் காட்டுவது போல. நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் காக்கநாட்டுக்குப் போனாள். ஜோமோன் தன் அலுவலகத்துக்கு எதிரே சாயாக்கடையில் காத்திருந்தான். எப்போதும் வாய் ஓயாதவன்; சேச்சி என்று கூப்பிட்டாலே அடுத்து ஒரு கிண்டல் வரும். அவனே முதலில் தொடங்கினான்.

"சேச்சி முகம் என்ன, பரீட்சைப் பேப்பர் திருத்தின முகமா இருக்கு? வாசிக்கிறதுக்கு முன்னாலயே மேடைப் பயமா?"

"ஜோமோனே, நீ கட்டி முடிச்சப்புறம் அதோட பேசிப் பாத்தியா?"

"பாத்தேன். ஏன்?"

"அது உன்கிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

அவன் கரண்டியால் சாயாவைக் கலக்கினான். சர்க்கரை போடாமல் குடிப்பவன். கலக்கிக்கொண்டே இருந்தான்.

"சேச்சி, வேற ஏதாவது பேசுவோம்."

"சொல்லுச்சா, இல்லையா?"

"நான் வாசிச்சுட்டேன் சேச்சி. ஊர் முன்னால நின்னு வாசிச்சாச்சு. இப்ப போய்க் கேட்டா நான் என்ன சொல்ல?" குரலைத் தாழ்த்தினான். "எல்லார்கிட்டயும் ஏதாவது ஒன்னு இருக்கும். அதுக்காக இத்தனை பேரோட உழைப்பைக் கெடுக்க முடியுமா? நான் அந்த எண்ணை மாத்திட்டேன். அப்புறம் வரல. அவ்ளோதான்."

"சுஹ்றா டீச்சர்?"

"எனக்குத் தெரியாது. போன வாரம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் மேல தொழுகை விரிப்பு மாதிரி தடியா ஒரு துணியைப் போட்டு மூடி வெச்சிருக்காங்க. என்ன டீச்சரேன்னு கேட்டா, தூசி விழுதுடான்னாங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். "மழைக்காலத்துல எங்க சேச்சி தூசி?"

விடைபெறும்போது ஜோமோன் அவள் குடையைப் பிரித்துக் கையில் கொடுத்தான். அவன் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. என்னைக் கேட்டதாக யாரிடமும் சொல்லிவிடாதே என்பது போல.

சனிக்கிழமை அவள் நாசர் இக்கா வீட்டுக்குப் போனாள். சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறுவது அவருக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது. அவர் மடிக்கணினியில் மகளின் பிறந்த தேதியைக் கொடுத்து, ரேஷன் கார்டுக் கேள்வியைக் கேட்டுக் காட்டினாள். அங்கேயும் அந்த வரி வந்தது. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"ஞி... ஞிலும்பி? என்னடோ இது, கொசு பேரு மாதிரி இருக்கு."

அவர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டபோது பிரசீதாவின் கைமுடி சிலிர்த்தது. நாற்பது வருடத்தில் ஒரு மனிதக் குரல் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

"படிச்ச வரியில எங்கயும் இல்ல இக்கா. நான் தேடிட்டேன்."

"அதனால என்ன? இந்த மாதிரி எந்திரம் எல்லாமே சிலப்போ உளறும். எழுத்தைக் கோத்துக் கோத்துப் புதுசா ஒரு சொல்லு உண்டாக்கும். உளறினதுக்கெல்லாம் சாட்சி மறுத்தா ஒரு கிளியும் கூட்டைவிட்டு வெளிய வராது."

"இது உளறல் இல்ல."

"எப்படித் தெரியும்?"

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். மனிதர்களை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். இல்லாவிட்டால் பதினோரு வருடம் சம்பளம் இல்லாத ஒரு கூட்டத்தை நடத்தியிருக்க முடியாது.

"இந்தச் சொல்லு உனக்குத் தெரியும்."

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"தெரியும்னா சொல்லு மோளே. மறுக்கிற சாட்சி காரணத்தை வெளிய வெக்கணும், யாரும் தன் வீட்ல உக்காந்து செஞ்சு பாக்கற மாதிரி வெக்கணும். அந்த விதியை எழுதினதே நீதானே? உள்ளுக்குள்ள தோணுது, அதனால மாட்டேன்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு என்கூடச் சண்டை போட்டே."

"ஆமா."

அவர் குரல் இளகியது. "இங்க பாரு. எனக்கு ஒன்னு தோணுது. அது உன்கிட்ட இருந்த ஏதோ ஒன்னுன்னா, நீ அதைச் சொல்லிடு. மேடையிலயே சொல்லிடு. சொல்லிட்டேன்னா அதுவும் வெளிய வந்துடும்ல? அப்புறம் உள்ள இருக்கறதெல்லாம் வெளிய இருக்குன்னு நீ தைரியமா வாசிக்கலாம். பொய்யே இல்ல."

எவ்வளவு நல்ல மனதோடு சொன்னார்! என்ன நினைக்கிறே, சொல்லு. சொல்லிட்டா ஒன்னுமில்ல. அம்மாவும் அப்படித்தான், தலையைத் தடவிக்கொண்டே கேட்பாள். அவள் கை தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கும்.

"யோசிக்கிறேன் இக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் நாசர் இக்காவின் மனைவி ஒரு டப்பாவில் நெய்ப்பத்திரி கட்டிக் கொடுத்தாள். மழையில் ஆட்டோவுக்காக நிற்கும்போது பிரசீதா தனக்குள் தேடிப் பார்த்தாள். அந்த இடம் இருந்தது. கட்டிலுக்கடியின் இருட்டு, சிவப்புத் தரையின் குளிர்ச்சி எல்லாம் இருந்தன. அதற்குள் யாரோ வந்து போயிருந்தார்கள். எதையும் எடுத்துப்போகவில்லை. ஆனால் ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடம் தெரிந்தது. அவர் கதவு வழியாக வரவில்லை. அந்த இடத்துக்குக் கதவே கிடையாது. அப்படியென்றால் முதலிலிருந்தே உள்ளே இருந்தாரா?

ஞாயிற்றுக்கிழமை டவுன் ஹாலில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நனைந்த குடைகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. முன்வரிசையில் பாறுக்குட்டியம்மா கரைவைத்த முண்டும் மேல்முண்டும் உடுத்து, கல்யாணத்துக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். அடுத்த வரிசையில் ஜோமோன். அவன் பக்கத்தில் சுஹ்றா டீச்சர், முக்காட்டைச் சரிசெய்தபடி. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் தத்தம்மா திறந்திருந்தது. கேள்விக்கான இடம் காலியாக இருந்தது. அங்கே சின்னக் கோடு ஒன்று தோன்றி மறைந்து தோன்றிக்கொண்டிருந்தது.

நாசர் இக்கா மைக்கைப் பிடித்தார். "இதோ மூணாவது சாட்சி. எங்க டீச்சர். இவங்க கிட்ட மார்க் வாங்கறது எவ்வளவு கஷ்டம்னு இங்க இருக்கற பழைய மாணவங்களைக் கேட்டா அழுவாங்க. அப்படிப்பட்டவங்க பாஸ் போட்டுட்டாங்கன்னா பாத்துக்கோங்க!"

கை தட்டினார்கள். பாறுக்குட்டியம்மா எல்லோருக்கும் பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று வரி எழுதிய தாளை அவர் பிரசீதாவின் கையில் வைத்தார். அவள் மைக் முன்னால் நின்றாள். முதல் வரியைப் பார்த்தாள். பயப்படாதே என்று தன்னை யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடமும் அப்படிச் சொல்ல உள்ளே ஒருத்தி இருந்தாள். இப்போது கூப்பிடுவதற்குப் பெயர் இல்லை. வெறும் அமைதி. அந்த அமைதியின் மறுபக்கத்தில், முதுகுக்குப் பின்னால், அந்தக் கோடு தோன்றி மறைவதை அவளால் பார்க்காமலே உணர முடிந்தது.

"வாசிக்கல இக்கா" என்றாள்.

மைக்கில் விழுந்துவிட்டது. ஹாலில் ஒரு முணுமுணுப்பு. நாசர் இக்கா கையால் மைக்கைப் பொத்தினார்.

"வேண்டாம் மோளே. இத்தனை பேர் இருக்காங்க. வாசிக்கலன்னா காரணத்தைச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. என் காதுல சொன்னாக்கூடப் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து கத்தினாள். "டீச்சர், எதுவா இருந்தாலும் ஓப்பனா சொல்லுங்க! மூடி மூடி வெக்கறதுக்கா இந்த இயக்கம்?" அவளுக்கும் கை தட்டினார்கள். நியாயமான கேள்விதான். பிரசீதா அவள் வயதில் இதைவிட உரக்கக் கேட்டிருப்பாள்.

ஜோமோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுஹ்றா டீச்சர் மட்டும் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். முக்காட்டின் நுனி அவள் வாயை மூடியிருந்தது. தலையை அசைத்தாளா, அசைத்ததாகத் தோன்றியதா, தெரியவில்லை.

"என்னாச்சு, படிக்கத் தெரியலையா அந்தப் பொண்ணுக்கு?" என்று பாறுக்குட்டியம்மா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். "கண்ணாடி வேணுமான்னு கேளு. என்கிட்ட இருக்கு."

பிரசீதாவுக்கு மேடையிலிருந்து இறங்கி அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அவளிடம் என்ன சொல்வது? திங்கட்கிழமைக்குப் பிறகும் அந்தப் படியில்தான் உட்கார வேண்டியிருக்கும், அதற்கு நான்தான் காரணம் என்றா?

நாசர் இக்கா இன்னும் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நரைத்த காதுமுடியில் ஒரு மழைத்துளி ஒட்டியிருந்தது. அவள் அந்தக் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"மாட்டேன் இக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.